ஜெயிக்கப் போவது தெரிஞ்ச பந்தயம்

“தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கல்லூரியில், இரண்டாம் ஆண்டு செவிலியர் மாணவிகளிடையே, இதயம் நின்றவருக்குச் செய்யும் உயிர்காப்பு சிகிச்சை குறித்த அறிவு மற்றும் திறன் மீது, சிமுலேஷன் வழிக் கற்பித்தலின் பயனைக் கண்டறியும் ஓர் ஆய்வு.”

மூச்சு வாங்கிக்கங்க. இது ஒரு தீசிஸ் தலைப்பு. யாரோடதுன்னு கேட்காதீங்க, ஏன்னா இது ஒருத்தரோடது இல்லை. இதயத்தை எடுத்துட்டு பிரசவம்னு போடுங்க, செவிலியரை எடுத்துட்டு ஹவுஸ் சர்ஜன்னு போடுங்க... ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின்ல சீட்டு விழற மாதிரி விழுந்துகிட்டே இருக்கும். தலைப்பைப் படிச்சதுமே கடைசி அத்தியாயத்தை நான் சொல்லிடுவேன். ப்ரீ-டெஸ்ட்ல ரெண்டு குரூப்பும் ஒரே மாதிரி. போஸ்ட்-டெஸ்ட்ல சிமுலேஷன் குரூப் எகிறிடுச்சு. பி வேல்யூ 0.001-க்கும் கீழே. ஆகவே சிமுலேஷன் பயனுள்ளது. மேலும் ஆய்வுகள் தேவை. சுபம்.

சரி, கண்ட்ரோல் குரூப்புக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்கன்னு கேட்டுப் பாருங்க. “ஒண்ணும் குடுக்கலை சார், அவங்க கண்ட்ரோல் ஆச்சே!”

30 பேருக்கு ஒரு வாரம் நீச்சல் சொல்லிக் குடுக்கறது, 30 பேரைக் கரையிலேயே உட்கார வைக்கறது, அப்புறம் எல்லாரையும் கிணத்துல இறக்கிட்டு “ஆஹா, சொல்லிக் குடுத்தா நீந்தறாங்க”ன்னு கண்டுபிடிக்கறது. இதுக்கு ஒரு எதிக்ஸ் கமிட்டி, ஒரு கைடு, 120 பக்கம், தங்க எழுத்துல அட்டை. கேட்டா ஆராய்ச்சி.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. புள்ளியியல் படிச்சவன். தீசிஸ் எழுதறவங்களுக்குக் கணக்குப் பக்கத்தைப் பார்த்துக் குடுக்கறவன். அதனால “உனக்கென்ன தெரியும் வார்டு கஷ்டம்”னு யாராவது ஆரம்பிச்சா, தெரியாதுதான். ஆனா ஒரு ஆய்வோட திட்டம் எங்கே ஓட்டையா இருக்குன்னு தெரியும். சிமுலேஷன் விஷயத்துல அந்த ஓட்டை சாம்பிள் சைஸ்ல இல்லை, அதுக்கு ரொம்ப முன்னாடி, கேள்வியிலேயே இருக்கு.

நான் சிமுலேஷனுக்கு எதிரின்னு நினைச்சுடாதீங்க. பொம்மைன்னு சொன்னா ஸ்கில்ஸ் லேப்காரங்களுக்குக் கோபம் வருது, மேனிகின்னு சொல்லணுமாம். ஆனா நிஜத்துலயே பொம்மைக்காரர் ஆரம்பிச்ச வேலைதாங்க இது. நார்வேயில் பொம்மை செய்துகிட்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால்தான் 1960-ல் ‘ரெசசி ஆன்’ங்கற பயிற்சி பொம்மையைக் கொண்டுவந்தார். பாரீஸ் சீன் நதியில் கிடைச்ச அடையாளம் தெரியாத ஒரு பெண்ணோடதுன்னு சொல்லப்படற முக அச்சைத்தான் அதுக்கு முகமா வெச்சார். உலகம் பூரா லட்சக்கணக்கான பேர் அந்த முகத்துல வாய் வெச்சு ஊதிக் கத்துக்கிட்டாங்க. எத்தனை உயிர் பொழைச்சிருக்கும்! அதனால பொம்மை மேல எனக்கு மரியாதைதான் அதிகம்.

உருப்படியா ஆராய்ச்சி பண்ணினா என்ன கிடைக்கும்ங்கறதுக்கும் உதாரணம் இருக்கு. சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு ஒண்ணு. ஐ.சி.யூ.வில் கழுத்துச் சிரை வழியா பெரிய ரத்தக்குழாய்க்குள்ள சென்ட்ரல் லைன் போடுவாங்க இல்லையா, அதைச் சரியா போடலைன்னா கிருமி நேரா ரத்தத்துக்குப் போயிடும். இவங்க என்ன செஞ்சாங்கன்னா, ரெசிடெண்ட் டாக்டர்களை முதல்ல பொம்மையில போட வெச்சாங்க. சும்மா ஒரு தடவை இல்லை. செக்லிஸ்ட்ல நிர்ணயிச்ச மதிப்பெண்ணை எட்டற வரைக்கும் விடலை. அப்புறம் எதை அளந்தாங்க? ‘உங்களுக்கு இப்போ தன்னம்பிக்கை கூடியிருக்கா’ன்னு ஃபாரம் குடுக்கலை. ஐ.சி.யூ.வில் நோயாளிகளோட ரத்தத்துல வந்த கிருமித்தொற்றை எண்ணினாங்க. 1000 கத்தீட்டர் நாளுக்கு 3.20-ஆ இருந்தது 0.50-க்கு வந்துடுச்சு. அதே ஆஸ்பத்திரியில், இந்தப் பயிற்சி பெற்றவங்க போகாத இன்னொரு ஐ.சி.யூ.வையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டாங்க. 2009-ல் வந்தது இது. அடுத்த வருஷம் செலவுக் கணக்கும் போட்டாங்க, பயிற்சிக்குப் போட்ட காசைப் போல சுமார் 7 மடங்கு மிச்சம்னு.

இன்னொண்ணு இங்கிலாந்தில், பிரிஸ்டல் ஊர் சவுத்மீட் மருத்துவமனை. பிரசவத்துல குழந்தையோட தலை வெளியே வந்துடும், தோள் தாயோட இடுப்பெலும்புல மாட்டிக்கும். கையில இருக்கறது சில நிமிஷம்தான். பதட்டத்துல தலையைப் பிடிச்சு இழுத்தா குழந்தையோட கை நரம்பு போயிடும். 2000-லிருந்து அங்கே இருக்கற மருத்துவச்சி, டாக்டர் எல்லாரையும் சேர்த்து வெச்சு பொம்மையில பழக்கினாங்க. தோள் மாட்டின பிரசவங்கள்ல குழந்தைக்குக் காயம் ஆனது முன்னாடி 9.3 சதவீதம், அப்புறம் 2.3 சதவீதம். 2008-ல் வெளியாச்சு. முன்-பின் ஒப்பீடுதான், தனியா கண்ட்ரோல் கிடையாது. ஆனாலும் எதை எண்ணணும்ங்கறதுல அவங்களுக்குத் தெளிவு இருந்துச்சு.

இந்தக் கதையோட அடுத்த பாகம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்த பிரிஸ்டல் பயிற்சியை ஸ்காட்லாந்தில் 12 பிரசவப் பிரிவுகளுக்குக் கொண்டுபோய், எந்த ஆஸ்பத்திரி எப்போ ஆரம்பிக்கணும்ங்கறதைக் குலுக்கல்ல போட்டு, முறையா ஒரு ஆய்வு நடத்தினாங்க. 2020-ல் முடிவு வந்துச்சு. குழந்தை பிறந்த 5-வது நிமிஷத்துல பார்க்கற ஆப்கார் மதிப்பெண் 7-க்குக் கீழே போன குழந்தைகளோட விகிதம் குறைஞ்சதாத் தெரியலை. அதாவது, ஃபெயில்! அதையும் மறைக்காம பத்திரிகையில போட்டாங்க. ஒரு ஊர்ல, ஆர்வமா செஞ்சவங்க கையில வேலை செஞ்சது, ஊர் ஊரா கொண்டுபோனா ஏன் வேலை செய்யலை? பயிற்சி முழுசாப் போய்ச் சேரலையா? அளந்த விஷயம் சரியில்லையா? இப்போதான் உண்மையான கேள்வி பொறக்குது. நம்ம தீசிஸ் எதுலயாவது இந்த மாதிரி ஒரு தோல்வி இருக்கா? காட்டுங்க பார்ப்போம். நம்ம ஊர்ல தோத்த பயிற்சியே கிடையாது. எல்லாமே 0.001!

இனி கொஞ்சம் கடுப்பான விஷயம். டேவிட் குக் என்கிற அமெரிக்க டாக்டரும் அவரோட குழுவும் 2011-ல் ஒரு வேலை செஞ்சாங்க. தொழில்நுட்பம் சார்ந்த சிமுலேஷனை வெச்சு அதுவரைக்கும் நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்தாங்க. 609 ஆய்வு, 35,226 பேர். எதுவுமே சொல்லிக் குடுக்காததோட ஒப்பிட்டா, அறிவு, திறமை ரெண்டுலயும் சிமுலேஷனுக்குப் பெரிய பலன், நோயாளிகள் மட்டத்துல நடுத்தரமான பலன். கேஸ் க்ளோஸ்டு. அடுத்த வருஷம் குக்கே எழுதிட்டார், சொல்லிக் குடுத்தா கத்துக்குவாங்க, இதை இன்னும் எத்தனை தடவை நிரூபிக்கப் போறீங்க, ஒரு முறையையும் இன்னொரு முறையையும் ஒப்பிடுங்கப்பான்னு.

அதுக்கப்புறமும் நாம 610, 611, 612-ன்னு போய்க்கிட்டே இருக்கோம். இதுல நம்ம ஊர் மேல மட்டும் பழி போடவும் முடியாது, உலகம் பூரா இந்த வியாதி இருக்கு. ஆனா 2019-ல் புது எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்தப்புறம் இங்கே ஸ்கில்ஸ் லேப் இல்லாம கல்லூரி நடத்த முடியாதுன்னு ஆயிடுச்சு. ரூம் கட்டியாச்சு, பொம்மை வாங்கியாச்சு, இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டியாச்சு. இனிமே அதை வெச்சு ஒரு தீசிஸ் பண்ணணும்ல? அப்படித்தான் இந்த 610-களெல்லாம் வருது. கேள்வி இருந்து பொம்மையைத் தேடலை. பொம்மை இருக்கறதால கேள்வியைத் தேடறாங்க.

அப்போ என்னதான் கேட்கணும்ங்கறீங்களா? கேட்க எவ்வளவோ இருக்கு.

காசுலயே ஆரம்பிப்போம். மூச்சு விடற, கண் சிமிட்டற, வியர்க்கற பொம்மைக்குப் பல லட்சம். இடுப்புக்கு மேல மட்டும் இருக்கற ரப்பர் உடம்பு அதுல ஒரு சின்னப் பங்கு. எதை வாங்கறது? ஜெஃப் நார்மனும் அவரோட சகாக்களும் கனடாவில் இதைத்தான் பார்த்தாங்க, 2012-ல். ஸ்டெதாஸ்கோப் வெச்சுக் கேட்கறது, அறுவை சிகிச்சை அடிப்படைகள், இதயம் நின்ன நோயாளியைக் கையாளறதுன்னு மூணு வகையிலும் விலை உயர்ந்த சிமுலேட்டரையும் சாதாரணத்தையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா, பெரும்பாலும் வித்தியாசம் 1-2 சதவீதம்தான். மாவட்டத் தலைநகர்ல ஒரு நர்ஸிங் காலேஜ் நடத்தறவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! நம்ம மாணவிகளுக்கும் அப்படித்தானா? தமிழ்லயே நோயாளிகிட்ட பேசவேண்டிய ஒரு சூழ்நிலையில், பல லட்சம் ரூபாய் இங்கிலீஷ் பேசற பொம்மை நல்லதா, இல்லை கட்டில்ல படுத்து வலிக்குதும்மான்னு நடிக்கிற ஒரு அக்கா நல்லதா? இதை யாராவது பண்ணுங்கய்யா. உட்கார்ந்து படிப்பேன்.

அப்புறம், மறதி. நெஞ்சை அழுத்தற பயிற்சி எடுத்தவங்களுக்குச் சில மாசத்துலயே கை தளர ஆரம்பிச்சுடும்னு எத்தனையோ ஆய்வு சொல்லியாச்சு. நம்ம ஆளுங்க போஸ்ட்-டெஸ்ட் எப்போ வைக்கறாங்க? அன்னிக்கு சாயந்திரம்! ரொம்ப நல்லவரா இருந்தா 7-வது நாள். மூணு மாசம் கழிச்சு வெச்சுப் பாருங்க. மாசத்துக்குப் பத்து நிமிஷம் பழகறது நல்லதா, வருஷத்துக்கு ஒரு நாள் முழுக்கப் பழகறது நல்லதான்னு பாருங்க. பொம்மையில பழகி முடிச்சதும் உட்கார்ந்து பேசறாங்களே, டீப்ரீஃபிங், அதை ஆசிரியர் நடத்தினா எப்படி, மாணவர்களே நடத்திக்கிட்டா எப்படி? ஒரு கல்லூரியில் ஒரு ஆசிரியர் 60 பிள்ளைகளைப் பார்க்கற நாட்டுல இதுதானே முக்கியமான கேள்வி.

கேள்வின்னா எப்படி இருக்கணும்ங்கறதுக்கு அமெரிக்க செவிலியர் கவுன்சில்களோட தேசிய அமைப்பு நடத்தின ஆய்வைப் பாருங்க. வார்டுல போய்க் கத்துக்கற நேரத்துல எவ்வளவை சிமுலேஷனுக்கு மாத்தலாம்? இதுதான் கேள்வி. 10 கல்லூரிகள். வழக்கம்போல 10 சதவீதத்துக்குள்ள ஒரு குழு, 25 ஒரு குழு, 50 ஒரு குழு. முதல் நாள்லேர்ந்து பட்டம் வாங்கற வரைக்கும், அதுக்கும் மேல வேலைக்குப் போய் ஆறு மாசம் வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. 666 பேர் முடிச்சாங்க. லைசென்ஸ் தேர்வுத் தேர்ச்சியிலோ, வேலைத் திறனிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லைன்னு 2014-ல் முடிவு வந்துச்சு. விதிமுறை எழுதறவங்க அதை எடுத்து வெச்சு முடிவெடுக்க முடிஞ்சது. இங்கே பாருங்க, ‘வித்தியாசம் இல்லை’ங்கறதே எவ்வளவு பயனுள்ள பதில்!

அடுத்து, எதை அளக்கறோம். இருபது கேள்வி எம்.சி.க்யூ., கூடவே ‘எனக்குத் தன்னம்பிக்கை அதிகரித்துள்ளது - முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’னு ஒரு அஞ்சு கட்டம். தன்னைப் பத்தித் தானே போட்டுக்கற மார்க் எவ்வளவு லட்சணம்னு 2006-லயே அலசிட்டாங்க. டாக்டர்கள் தங்களைப் பத்திச் சொன்னதையும் வெளியாள் அளந்ததையும் வெச்சு 20 ஒப்பீடு பார்த்ததுல 13-ல் சம்பந்தம் கொஞ்சமா இருந்துச்சு, இல்லவே இல்லை, இல்லைன்னா தலைகீழா இருந்துச்சு. தெரியாதவனுக்குத்தான் தைரியம் ஜாஸ்திங்கறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லையே. அதே ஸ்கில்ஸ் லேப்ல இருக்கற பொம்மை, நெஞ்சு எத்தனை சென்டிமீட்டர் இறங்குச்சு, நிமிஷத்துக்கு எத்தனை அழுத்தம்னு தானே பதிவு பண்ணும். 5-லிருந்து 6 சென்டிமீட்டர், 100-லிருந்து 120 தடவை. இவ்வளவு சுத்தமான எண் கையில இருக்கும்போது, அதை விட்டுட்டு ‘ஒப்புக்கொள்கிறேன்’ எதுக்கு? பொம்மை எண் தராத திறமைன்னா வீடியோ எடுங்க. யார் எந்தக் குரூப்புன்னு தெரியாத ரெண்டு பேர்கிட்ட தனித்தனியா மார்க் போடச் சொல்லுங்க. பாடம் நடத்தினவரே, தன்னோட குரூப்புக்கு, தானே மார்க் போடறது... மாப்பிள்ளை வீட்டுக்காரரே ஜாதகப் பொருத்தம் பார்த்த மாதிரி.

என்னோட டிபார்ட்மெண்டுக்கு வர்றேன். கணக்கு. ஏன் 30? ‘சீனியர் 30 எடுத்தாங்க சார்.’ ரெண்டு நல்ல கற்பித்தல் முறையை ஒப்பிட்டா வித்தியாசம் சின்னதாத்தான் இருக்கும். நடுத்தரமான வித்தியாசத்தை, அதாவது அரை ஸ்டாண்டர்ட் டீவியேஷனை, 80 சதவீத வாய்ப்போட பிடிக்கணும்னாலே குரூப்புக்கு 64 பேர் வேணும். அதனாலதான் எல்லாரும் ‘ஒண்ணுமில்லாததோட’ ஒப்பிட ஓடறாங்க, அங்கே 30-ல் ஈஸியா ஜெயிக்கலாம்! இன்னொரு கூத்து டீம். 60 மாணவர், அஞ்சு அஞ்சு பேரா 12 டீம். பயிற்சி டீமுக்கு, மார்க்கும் டீமுக்கு. ஆனா டேபிள்ல 60-ன்னு போடுவாங்க. தம்பி, டீமுக்கு ஒரு மார்க்னா உன்கிட்ட இருக்கறது 12 எண்தான். தனித்தனியா மார்க் போட்டாலும் ஒரே டீம்காரங்க ஒரே மாதிரிதான் ஆடுவாங்க. அந்த ஒட்டுதல் 0.3-ன்னு வெச்சுக்கங்க, ஒண்ணோட நாலு தரம் 0.3-ஐக் கூட்டினா 2.2. 60-ஐ 2.2-ஆல் வகுத்தா 27. உங்க 60 பேர் உண்மையில 27 பேர். இதை திட்டம் போடறப்போ பார்க்கணும். டேட்டாவை எடுத்துக்கிட்டு கடைசி வாரம் என்கிட்ட வந்தா நான் என்ன மந்திரவாதியா?

இப்போ எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம். அந்தக் கரையில உட்கார்ந்த 30 பேர். இவங்க அட்டவணையில ஒரு நெடுவரிசை இல்லை. அடுத்த மாசம் வார்டுக்குப் போற பொண்ணுங்க. ராத்திரி டூட்டியில யாரோ ஒருத்தருக்கு இதயம் நிக்கும்போது கட்டில் பக்கத்துல இருக்கப் போறவங்க. நமக்கு ஒரு வேல்யூ வேணும்ங்கறதுக்காக, வேலை செய்யும்னு உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு பயிற்சியை இவங்களுக்குக் குடுக்காம நிறுத்தி வெச்சிருக்கோம். ஆய்வு முடிஞ்சதும் அவங்களுக்கும் சொல்லிக் குடுப்போம்னு எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் குடுக்கறாங்க. குடுத்தாங்களான்னு எந்த தீசிஸ்லயாவது தேதி போட்டு எழுதியிருக்கா? அப்புறம் ஒப்புதல் படிவம். இன்டர்னல் மார்க் போடற டீச்சரே படிவத்தை நீட்டி ‘விருப்பம் இருந்தா கையெழுத்துப் போடும்மா’ன்னா, எந்தப் பொண்ணு விருப்பமில்லைன்னு சொல்லும்? ஐ.சி.எம்.ஆரோட 2017 நெறிமுறைகள் இந்த மேல்-கீழ் உறவைப் பத்தி எச்சரிக்குது. அந்த வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர் போய்க் கேட்கட்டுமே, அதுல என்ன செலவு?

“சார், நீங்க சொல்றதெல்லாம் நார்த்வெஸ்டர்னுக்கு சரி. எங்களுக்கு ரெண்டு வருஷ கோர்ஸ், கைடு ஒத்துக்கணும், எக்ஸ்டர்னல் ஒத்துக்கணும், காசு கிடையாது.” இதை நிறைய பேர் சொல்றாங்க. நியாயமும் இருக்கு. எம்.எஸ்ஸி. நர்ஸிங் பொண்ணுகிட்ட போய் ஐ.சி.யூ. கிருமித்தொற்றைக் குறைச்சுக் காட்டுன்னு நான் சொல்லலை. ஆனா ரெண்டு குரூப்புக்குமே சொல்லிக் குடுக்க எவ்வளவு கூடுதல் செலவு ஆகும்? போஸ்ட்-டெஸ்ட்டை மூணு மாசம் தள்ளி வைக்கக் காசா வேணும்? நாலு கல்லூரியில் நாலு பேர் தனித்தனியா 30-30 வெச்சு நாலு தலைப்புல ஜெயிக்கறதுக்குப் பதிலா, ஒரே கேள்வி, ஒரே செக்லிஸ்ட், ஒரே நாள்காட்டின்னு ஒத்துப் பேசிக்கிட்டா 240 பேர் கிடைப்பாங்க. தீசிஸ் நாலு தனித்தனியாவே எழுதிக்கட்டும், யார் வேண்டாங்கறா. சிமுலேஷன் ஆய்வுல எதையெல்லாம் விவரமா எழுதணும்னு 2016-லயே பட்டியல் வந்தாச்சு, நாலு பத்திரிகைகள் சேர்ந்து போட்டுது. பொம்மை என்ன மாடல், எத்தனை நிமிஷம், யார் டீப்ரீஃப் பண்ணினாங்க எல்லாம் அதுல இருக்கு. அதை எழுதும்போது பார்க்காம, சினோப்சிஸ் போடும்போதே பக்கத்துல வெச்சுக்கிட்டா பாதி ஓட்டை அடைஞ்சுடும்.

கைடுகளுக்கும் ஒண்ணு. சினோப்சிஸ் கையில வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “இது தோத்தா, நம்ம காலேஜ்ல என்ன மாத்துவோம்?” பதில் இல்லைன்னா கையெழுத்துப் போடாதீங்க. ‘இது தோக்கவே தோக்காது மேடம்’னு பதில் வந்தா, கண்டிப்பாப் போடாதீங்க.

ரெண்டு முறையை ஒப்பிட்டு, மூணு மாசம் கழிச்சு அளந்து, பொம்மை தர்ற எண்ணை வெச்சு ஒரு ஆய்வு பண்ணப் போறேன்னு யாராவது திட்டம் போடும்போதே வந்தீங்கன்னா சாம்பிள் சைஸ், ரேண்டம் லிஸ்ட் எல்லாம் சும்மாவே போட்டுத் தர்றேன். டீ மட்டும் நீங்க வாங்கிக் குடுக்கணும். :-)